மலிவுத் துப்பாக்கியின் மறைந்திருக்கும் விலை

மாணவர்களே, கடையில் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்றின் விலை மற்றொன்றின் விலையில் பாதிகூட இல்லை. மலிவானதை நீங்கள் கையில் எடுத்தவுடன் வீட்டுப் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "விலையைக் குறைக்க எதைக் குறைத்தார்களோ?" குடையாக இருந்தால் கம்பி மெலிந்திருக்கும். காலணியாக இருந்தால் இரண்டு மழைக்குப் பிறகு அடிப்பாகம் வாய் பிளக்கும். பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அந்தப் பொருள் கைத்துப்பாக்கியாக இருந்தால்?

நமக்கு இது விசித்திரமான கேள்வி. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கடுங்குற்றம். காவல் அதிகாரியின் இடுப்பிலும் திரைப்படத்திலும்தான் நாம் அதைப் பார்க்கிறோம். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு 200 அமெரிக்க டாலர் அளவில் புத்தம் புதிய கைத்துப்பாக்கி கிடைக்கிறது. பல கைப்பேசிகளின் விலை அதைவிட அதிகம். இந்த மலிவுத் துப்பாக்கிக்குள் நீங்கள் பள்ளியில் படிக்கும் நியூட்டன் விதிகள், உலோகவியல், புள்ளிவிவரம் ஆகிய மூன்றும் ஒளிந்திருக்கின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் வாங்குகிறார்கள்? ஏன்?

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசுவது அதுதான். தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. வெளியிடங்களுக்கு அதை எடுத்துச் செல்லும் உரிமையையும் 2022இல் உறுதிப்படுத்தியது. பியூ ஆய்வு மையம் 2023இல் நடத்திய கருத்துக்கணிப்பில், துப்பாக்கி வைத்திருப்போரில் 72 விழுக்காட்டினர் பாதுகாப்பே முக்கியக் காரணம் என்று கூறினர்.

மலிவுத் துப்பாக்கியை வாங்குபவர் பெரும்பாலும் வசதி குறைந்தவர். குற்றச்செயல்கள் மிகுந்த வட்டாரத்தில் குறைந்த வாடகைக்குக் குடியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். இரவு வேலை முடிந்து தனியாக வீடு திரும்புபவரை நினைத்துப் பாருங்கள். "பணக்காரனுக்குக் காவலாளி இருக்கிறான்; எனக்கு யார்?" என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வியை நாம் அலட்சியப்படுத்த முடியாது. இதற்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அடிமைமுறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், 1879இல் டென்னசி மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. இராணுவமும் கடற்படையும் பயன்படுத்திய விலை உயர்ந்த கைத்துப்பாக்கிகளை மட்டுமே விற்கலாம் என்றது அது. மலிவானவை தடை செய்யப்பட்டன. விடுதலை பெற்ற ஏழைக் கறுப்பினத்தவர்கள் அதனால் ஆயுதம் வாங்க முடியாமல் போனது. ஆகவே, "மலிவானதைத் தடை செய்" என்ற குரல் எழும்போதெல்லாம் "யாருக்கு எதிராக?" என்ற எதிர்க்கேள்வியும் அங்கே எழுகிறது.

இரண்டு பக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு அறிவியலுக்கு வருவோம்.

அகார்-அகாரும் துத்தநாகமும்

கைத்துப்பாக்கியின் குழல், மேற்பகுதி ஆகியவற்றை வழக்கமாக எஃகில் செய்வார்கள். எஃகுக் கட்டியை இயந்திரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகக் கடைந்து எடுக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். கடையும் கருவிகளும் தேய்ந்து போகும். விலை ஏறுவதற்கு இவை முக்கியக் காரணம்.

மலிவுத் துப்பாக்கி செய்பவர்கள் வேறு வழியைப் பிடித்தார்கள். அம்மா அகார்-அகார் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சூடான கலவையை அச்சில் ஊற்றுகிறார். ஆறியதும் பூ வடிவத்தில் அப்படியே வந்துவிடுகிறது. உருக்கிய துத்தநாகக் கலப்புலோகத்தை எஃகு அச்சுக்குள் அழுத்தத்துடன் செலுத்தினாலும் அப்படித்தான். சில நொடிகளில் பாகம் தயார். சிறுவயதில் நீங்கள் விளையாடிய கனமான உலோகப் பொம்மைக் கார்கள் பலவும் இந்த முறையில் வார்க்கப்பட்டவைதாம்.

துத்தநாகத்துடன் ஏறக்குறைய 4 விழுக்காடு அலுமினியமும் சிறிதளவு வேறு உலோகங்களும் சேர்ந்த இந்தக் கலவைக்கு 'ஸாமாக்' என்று பெயர். சுமார் 385 பாகை செல்சியசில் உருகிவிடும். எஃகுக்கோ 1,400 பாகைக்கு மேல் வேண்டும். உருக்குவது எளிது, வார்ப்பது எளிது, விலையும் குறைவு. ஆனால் இழுவிசையைத் தாங்கும் வலிமையில் இது கடினப்படுத்திய எஃகில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதனால்தான் தோட்டா பாயும் குழலை மட்டும் இன்றும் எஃகில் செய்கிறார்கள்.

மலிவானது ஏன் கனமாக இருக்கிறது?

மலிவான பொருள் இலேசாக இருக்கும் என்று நினைப்போம். இங்கே தலைகீழ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தயாராகும் ஹை-பாயிண்ட் சி9 என்ற மலிவுத் துப்பாக்கி ஏறக்குறைய 820 கிராம். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விலையுள்ள கிளாக் 19 ஏறக்குறைய 600 கிராம்தான். காரணத்தை உந்தம் பற்றிய பாடம் சொல்லும்.

9 மி.மீ. தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் 240 மெகாபாஸ்கல் வரை போகும். பெட்ரோல் நிலையத்தில் காற்றடிக்கும் கருவி கார் சக்கரத்துக்கு ஏறக்குறைய 230 கிலோபாஸ்கல் காட்டும். அதைப்போல ஆயிரம் மடங்கு! இந்த அழுத்தம் குண்டை முன்னே தள்ளும்போது துப்பாக்கியின் மேற்பகுதியைப் பின்னே தள்ளுகிறது. 'சிலைட்' எனப்படும் அந்த மேற்பகுதி, குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே திறந்துவிட்டால் சூடான வாயு சுடுபவரை நோக்கிச் சீறும்.

விலை கூடிய துப்பாக்கிகளில் இதைத் தடுக்கக் குழலும் சிலைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கும். அழுத்தம் தணிந்த பிறகே பூட்டு விடுபடும். ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே வகுத்த முறை அது. ஆனால் அதற்கு நுணுக்கமான பாகங்கள் தேவை. மலிவுத் துப்பாக்கியில் அந்தப் பூட்டு இல்லை. பின்னோக்கிய வேகத்தைக் கட்டுப்படுத்துவது சிலைடின் பொருண்மையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே.

கணக்கிட்டுப் பாருங்கள். குண்டின் பொருண்மை 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்றால் உந்தம் 0.008 × 350 = 2.8 கிலோகிராம் மீட்டர்/நொடி. உந்தம் காக்கப்படுவதால் சிலைடுக்கும் எதிர்த்திசையில் அதே அளவு உந்தம் கிடைக்கும். சிலைட் 350 கிராம் என்றால் அது நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பின்னே பாயும். 700 கிராமாக்கினால் வேகம் பாதியாகி 4 மீட்டராகும். வாயுவின் உந்தத்தையும் சுருள்வில்லின் விசையையும் இங்கே விட்டுவிட்டோம். ஆனாலும் கருத்து தெளிவாகிறது. பூட்டைக் கைவிட்டவர், அந்த வேலையைப் பொருண்மையிடம் ஒப்படைக்கிறார். மிச்சமான பணம் எடையாக மாறி, நாள் முழுவதும் அதைச் சுமப்பவரின் இடுப்பில் தொங்குகிறது.

கீழே விழுந்தால் என்ன ஆகும்?

பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே சாய்கிறோம். நிலைமம் என்று இதைப் படித்திருக்கிறீர்கள். துப்பாக்கிக்குள்ளும் ஒரு பயணி இருக்கிறார். தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிதான் அது.

மேசை உயரத்திலிருந்து, அதாவது 1 மீட்டரிலிருந்து, துப்பாக்கி முனை கீழாக விழுவதாக வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 4.4 மீட்டர். துப்பாக்கி நின்றுவிடுகிறது; ஊசி நிற்கவில்லை. அது முன்னேறித் தோட்டாவைப் பலமாகக் குத்தினால் யாரும் டிரிகரை அழுத்தாமலேயே துப்பாக்கி வெடிக்கும்.

இதற்கு மருந்து உண்டு. டிரிகரை முழுமையாக அழுத்தினால் மட்டுமே விலகும் ஒரு சிறு தடுப்பை ஊசியின் வழியில் வைத்துவிட்டால் போதும். சில வெள்ளிகூடப் பெறாத சிறு துண்டு அது. பழைய மலிவுத் துப்பாக்கிகள் பலவற்றில் அது இல்லை.

விலை கொடுத்தால் தப்பிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். சிக் சவர் நிறுவனத்தின் பி320 மலிவானதல்ல. ஆயினும் சில கோணங்களில் விழும்போது அது வெடிக்கக்கூடும் என்று தெரியவந்ததால் 2017 ஆகஸ்டில் அந்நிறுவனம் இலவச மேம்பாட்டை அறிவித்தது. விலைச்சீட்டைப் பார்த்துப் பாதுகாப்பை முடிவு செய்ய முடியாது. சோதனைதான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் யார் சோதிப்பது? இங்கேதான் வியப்பு. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை 1972ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது. முடி உலர்த்தியில் கோளாறு என்றால் அது சந்தையிலிருந்து திரும்பப் பெற வைக்கும். பொம்மைத் துப்பாக்கியின் சிறு பாகம் குழந்தையின் தொண்டையில் சிக்கும் என்றால் அதையும் தடுக்கும். ஆனால் உண்மையான துப்பாக்கி அதன் அதிகாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. எனவே, கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் தாங்களே விதி வகுத்தன. 2001 முதல் அங்கே புதிய வகைக் கைத்துப்பாக்கிகள் 600 முறை சுடும் சோதனையையும், சுமார் 1 மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விழும் சோதனையையும் கடக்க வேண்டும்.

சட்டத்துக்குள் நுழைந்த உருகுநிலை

1968 ஜூன் மாதம் செனட்டர் ராபர்ட் கென்னடி ஒரு சிறிய, மலிவான கைத்துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. இறக்குமதியாகும் கைத்துப்பாக்கிகளுக்கு அளவு, எடை, பாதுகாப்பு அம்சங்கள் ஆகியவற்றுக்குப் புள்ளி போடும் முறை வந்தது. வெளிநாட்டு மலிவுத் துப்பாக்கிகளுக்குக் கதவு அடைபட்டது. ஆனால் உள்நாட்டில் செய்தால் அந்தப் புள்ளிமுறை கிடையாது!

ஓட்டையை மற்றவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். 1970 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரத்தில் ரேவன், டேவிஸ், பிரைக்கோ போன்ற நிறுவனங்கள் துத்தநாகத் துப்பாக்கிகளை வார்த்துத் தள்ளின. பசிபிக் நெருப்பு வளையம் பற்றிப் புவியியலில் படித்திருப்பீர்கள். காரென் வின்டெமியூட் என்ற அவசரப் பிரிவு மருத்துவர் 1994இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இந்த நிறுவனங்களுக்கும் 'நெருப்பு வளையம்' என்றே பெயரிட்டார். 1992இல் அமெரிக்காவில் தயாரான கைத்துப்பாக்கிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களுடையது.

இல்லினாய்ஸ் போன்ற சில மாநிலங்கள் வேறொரு தந்திரம் செய்தன. 800 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 427 பாகை செல்சியசுக்குக் கீழே உருகும் உலோகத்தால் வார்த்த கைத்துப்பாக்கிகளை விற்கத் தடை போட்டன. ஸாமாக்கின் உருகுநிலை 385 என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சுடும்போது துப்பாக்கி உருகிவிடும் என்று அவர்கள் அஞ்சவில்லை. 'தரம் குறைந்தது' என்று சட்டத்தில் எழுதினால் நீதிமன்றத்தில் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். உருகுநிலையை ஆய்வுக்கூடத்தில் அளந்துவிடலாம். அளக்க முடியாத ஒன்றுக்குப் பதிலாக அளக்கக்கூடிய வேறொன்றைப் பிடிப்பது அறிவியலிலும் வழக்கம். ஆனால் அந்த மாற்று அளவு உண்மையான கேள்விக்கு விடை தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். உருகுநிலை கூடிய துப்பாக்கியும் கீழே விழுந்து வெடிக்கலாம் அல்லவா?

ஒரு வடிவமைப்பும் ஒரு சிறுவனும்

1994இல் கலிபோர்னியாவில் நடந்தது இது. ஒரு வீட்டில் பிரைக்கோ வகை மலிவுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. குழந்தைகளைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர், ஆபத்து வேண்டாமே என்று அதிலிருந்த தோட்டாவை அகற்ற முயன்றார். அந்தத் துப்பாக்கியில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமானால் முதலில் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும். அவர் திறந்தார். துப்பாக்கி வெடித்தது. ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான்.

யோசித்துப் பாருங்கள். மிகவும் பாதுகாப்பாக இருக்க வேண்டிய வேலை, தோட்டாவை அகற்றுவது. அந்த வேலைக்கே பூட்டு திறந்திருக்க வேண்டும் என்று வடிவமைத்திருந்தார்கள். 2003இல் நடுவர் குழு, துப்பாக்கியைத் தயாரித்தவர்கள் உள்ளிட்ட தரப்பினர் சுமார் 24 மில்லியன் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது. நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவித்தது. தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தபோது, சக்கர நாற்காலியில் வளர்ந்த அந்த இளைஞர் நன்கொடை திரட்டி அதை வாங்க முயன்றார். உள்ளே இருந்த துப்பாக்கிகளை உருக்கிவிடுவது அவர் எண்ணம். ஏலத்தில் அவர் தோற்றார். வென்றவர் அதே நிறுவனத்தின் முன்னாள் மேற்பார்வையாளர்.

சுவர் தடுக்குமா?

இப்போது ஒரு டுரியான் கணக்கு. 2 கிலோகிராம் டுரியான் 25 மீட்டர் உயர மரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் 2 × 9.8 × 25 = 490 ஜூல். நாம் மேலே பார்த்த 8 கிராம் குண்டின் இயக்க ஆற்றல் ½ × 0.008 × 350 × 350 = 490 ஜூல். இரண்டும் ஒன்றுதான்! ஆனால் டுரியான் அந்த ஆற்றலை உள்ளங்கையளவு பரப்பில் இறக்குகிறது. குண்டோ அரை சதுர சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும் பரப்பில் இறக்குகிறது.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள். நம் வீட்டுச் செங்கல் சுவர்போல் அவை தடுக்காது. கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்றுக்கு மேற்பட்ட சுவர்களைத் துளைத்து அடுத்த அறைக்குள் போகும். இருட்டில், பதற்றத்தில், திருடன் என்று நினைத்துச் சுடும்போது அந்த அடுத்த அறையில் தூங்குவது யார்? தம்பியாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

துப்பாக்கி வாங்கிய வீடு உண்மையிலேயே பாதுகாப்பாகிறதா? ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் குழுவினரும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொலை நடந்த வீடுகளையும் அதேபோன்ற சூழலில் கொலை நடக்காத வீடுகளையும் ஒப்பிட்டார்கள். துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று கணக்கு வந்தது.

உடனே எதிர்ப்பும் வந்தது. "துப்பாக்கியால் ஆபத்து வந்ததா, ஆபத்து இருந்ததால் துப்பாக்கி வாங்கினார்களா?" குடை பிடிப்பவர்கள் அதிகமாக இருக்கும் நாளில்தான் மழை பெய்கிறது, ஆனால் குடை மழையை வரவழைப்பதில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு. நல்ல கேள்வி.

அதற்கு விடை தேட ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் 17.6 மில்லியன் பெரியவர்களின் தகவல்களை 2004 முதல் 2016 வரை பின்தொடர்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். துப்பாக்கி வைத்திருப்பவரை விட்டுவிட்டு, தாம் வைத்திருக்காமல் அவருடன் ஒரே வீட்டில் வசிப்பவர்களை மட்டும் பார்த்தார்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் வசிப்பவர்களைக் காட்டிலும் அவர்கள் கொலையாகும் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல். வாழ்க்கைத்துணையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படும் விகிதம் ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதுவும் கண்காணிப்பு ஆய்வுதான். ஐயத்தை முழுவதும் நீக்காது. ஆனால் வெளியிலிருந்து வரும் அந்நியனை எண்ணி வாங்கியது, வீட்டுக்குள் இருப்பவர்களை எப்படிக் காக்கிறது என்ற கேள்வியை அது மிக வலுவாக எழுப்புகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மையே மாய்த்துக்கொண்டவர்கள். தாங்க முடியாத துயரம் பல வேளைகளில் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாமல் இருப்பதே ஓர் உயிரைக் காக்கும். உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ அப்படி மனம் கனக்கும்போது, தனியாகச் சுமக்காமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ உடனே சொல்லுங்கள்.

பெட்டி இருந்தால் போதுமா?

பூட்டிய பெட்டி, டிரிகர் பூட்டு, தோட்டாவைத் தனியே வைத்தல் ஆகியவை ஆபத்தைக் குறைக்கின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற அமெரிக்க வணிகர்கள் கைத்துப்பாக்கியுடன் பூட்டும் கருவி ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் தற்காப்புக்கென்று வாங்கியவர், "பூட்டினால் அவசரத்துக்கு எப்படி எடுப்பது?" என்று நினைக்கிறார். தலையணைக்கு அடியில் வைக்கிறார். அதே வீட்டில் நான்கு வயதுக் குழந்தையும் இருக்கிறது. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்துகளையும் அது முந்திவிட்டது.

200 டாலர் என்பது கடையில் கொடுக்கும் விலை மட்டுமே. நல்ல பெட்டிக்கு ஒரு விலை, பயிற்சிக்கு ஒரு விலை, பயிற்சியில் சுடும் தோட்டாக்களுக்கு ஒரு விலை. பணம் குறைவாக இருப்பதால் மலிவானதை வாங்கியவர், இவற்றையெல்லாம் வாங்க முடியாதவராகவும் இருக்கலாம். அவருடைய அச்சம் உண்மையானது. அந்த அச்சத்துக்கு வெளிச்சமான தெருவும், கூப்பிட்டவுடன் வரும் காவல்துறையும் விடையாக அமையாதபோதுதான் அவர் துத்தநாகத் துண்டு ஒன்றிடம் விடை தேடுகிறார்.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டமும் மிகக் கடுமையானவை. உண்மையானது போலத் தோன்றும் போலித் துப்பாக்கியை வைத்திருப்பதும் குற்றமாகலாம். இணையத்தில் 'விளையாட்டுப் பொருள்' என்று விற்கப்படுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. சிலைடின் பொருண்மை 500 கிராம் என்றால் அதன் பின்னோக்கிய வேகம் என்ன?

2. துப்பாக்கி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் இரண்டு மடங்காகுமா? கணக்கிட்டுக் காட்டுங்கள்.

3. உருகுநிலையைக் கொண்டு தரத்தை அளப்பது சரியா? சட்டம் எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால் எதை அளப்பீர்கள்?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் திட்டவட்டமான விடை உண்டு. மூன்றாவது கேள்வியை வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து விவாதியுங்கள். ஏழையின் அச்சத்தை ஓர் அணியும், அந்தச் சிறுவனின் நாற்காலியை மற்றோர் அணியும் மறந்துவிடாமல் பேசினால் அந்த விவாதம் பயனுள்ளதாக இருக்கும்.